தொண்டை இருக்கும் திசை

ஞாயிறு, அதிகாலை மூன்றே கால்.
கைப்பேசி மேசையில் அதிர்ந்து நகர்ந்து
மூக்குக்கண்ணாடியைக் கீழே தள்ளியது.
பம்ப் நான்கு: அழுத்தம் இல்லை.

என்ஸ்கெடேயில் அந்நேரம் விழித்திருப்பவை
சிக்னல் விளக்குகளும் பேக்கரிகளும்தான்.
இரவு உடைக்கு மேல் மழைச்சட்டை,
சைக்கிள்.
ஆளில்லாத சாலையில் சிவப்புக்கு நின்றேன்.
ஜெர்மனி எல்லை பக்கம்,
அந்தப் பழக்கம் இங்கும் கசிந்திருக்கிறது.

இன்குபேட்டருக்குள் முப்பத்தேழு டிகிரி.
கண்ணாடிபோல் தெளிந்த சிலிக்கோன் துண்டு,
என் கட்டைவிரல் அளவு.
உள்ளே இரண்டு வாய்க்கால்:
மேலே காற்று, கீழே ஊட்டநீர்,
நடுவே ஒரு சவ்வு,
சவ்வின்மேல் ஒருவருடைய நுரையீரல்.

நுரையீரல் என்பது கொஞ்சம் பெரிய சொல்.
அறுவை மேசையில் மிஞ்சிய துணுக்கு,
மூச்சுக்குழலின் கடைசிக் கிளையிலிருந்து.
பிரித்து, விதைத்து,
ஐந்து வாரம் சளி கட்டும்வரை காத்திருந்தேன்.
குறிப்பேட்டிலும் விதைத்தேன் என்றுதான் எழுதுவோம்.

கொடையாளி 27. ஆண். அறுபத்தொன்று.
பேக்கரி வேலை, முப்பத்தெட்டு ஆண்டு.
இதற்கு மேல் தெரிந்துகொள்ள எனக்கு அனுமதியில்லை.
உயிரோடு இருக்கிறாரா என்பதும்
இதற்கு மேல்தான்.

ஆகவே அவருக்கு மாவு கொடுக்கிறோம்.
மூச்சுக்கு மூச்சு, பார்க்க முடியாத கோதுமைத் தூசி.
இன்று பத்தொன்பதாம் நாள்.

(முன்பு இதையே எலிகளிடம் கேட்டோம்.
எலி மூக்கால் மட்டும் மூச்சுவிடும்.
விடியுமுன் எழுந்து மாவு சலித்த எலி
எந்த ஊரிலும் இல்லை.
ஆனாலும் கேட்டோம், அதுவும் ஏதோ சொல்லிற்று,
நான் எண்களாக எழுதிக் கொடுத்தேன்.
அந்தக் கூண்டறையில் இப்போது
காகிதக் கட்டுகள் இருக்கின்றன.
நான் அங்கே காகிதம் எடுக்கப் போவதில்லை.)

மோட்டார் கருகிய வாசனை.
மாற்று பம்ப் ஓக்கேயின் அலமாரியில்,
சாவி ஓக்கேயிடம்,
ஓக்கே ஹெங்கலோவில், நல்ல தூக்கத்தில்.

ஊசியில்லாத சிரிஞ்சைக் குழாயில் பொருத்தினேன்.
உள்ளே.
வெளியே.
நிமிடத்துக்குப் பன்னிரண்டு.

பத்தாவது நிமிடத்தில் என் மூச்சும்
விரலோடு சேர்ந்துகொண்டது.
யார் யாரை இழுக்கிறார்கள் என்று யோசித்ததில்
இரண்டு தடவை தவறிப்போனது.
மன்னியுங்கள் என்றேன், வாய்விட்டு,
அந்நியரிடம் பேசும் மரியாதைச் சொல்லில்.

திரையில் அவருடைய நுண்மயிர்கள்.
காற்றில் சாயும் கோதுமை வயல் என்று எழுதத் தோன்றுகிறது.
இவரிடம் கோதுமைப் பேச்சு வேண்டாம்.
நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு வீச்சு;
சளியை, சளியில் ஒட்டிய மாவை
எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் தள்ளுகின்றன,
தொண்டை இருக்கும் திசைக்கு.

தொண்டை இல்லை.
இருமிவிட்டுத் தண்ணீர் கேட்க
ஒரு வாய் இல்லை.
வாய்க்கால் முடியும் இடத்தில் பிளாஸ்டிக் குழாய்,
குழாய் முடியும் இடத்தில் குப்பி,
குப்பியின்மேல் என் கையெழுத்தில் தேதி.
அவற்றுக்கு இதை யாரும் சொல்லவில்லை.
சொல்ல வேண்டிய ஆள் நான்தான் என்றால்
நானும் சொல்லவில்லை.

ஓக்கே வந்தான், இரண்டு காலில் இரண்டு நிறச் சாக்ஸ்.
பம்ப் மாறியது, ஒரு சொடுக்கு, பிறகு முனகல்.
"வீட்ஸ்கே, விடு" என்றான்.
எதை என்று உடனே புரியவில்லை.
விரல் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.

கையால் விட்ட மூச்சு சீராக இருந்திருக்காது,
இன்றைய அளவு செல்லாது என்றான்.
சரிதான். நானே எழுதினேன்:
3.46 முதல் 4.27 வரை கைமுறை.
கணக்கில் சேர்க்க வேண்டாம்.
வரைபடத்தில் அந்த இடத்தில் கோடு அறுந்திருக்கும்,
கட்டுரை படிப்பவர்களுக்கு அது ஒரு பழுது.

திரும்பும் வழியில் அதே சிவப்பு விளக்கு.
நின்றேன்.
ஹேண்டில்பாரில் கட்டைவிரல் சைக்கிள் மணியை
உள்ளே, வெளியே,
உள்ளே, வெளியே என்று
அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது;
எதிர்ப் பேக்கரியின் பக்கக் கதவு திறந்தபோதுதான்
எனக்கே கேட்டது.

முழங்கைவரை மாவோடு ஒருவர்.
"எட்டுக்குத்தான் திறப்போம் அம்மா" என்றார்.
இருமினார்.
கதவைச் சாத்திக்கொண்டார்.