நான்காவது போல்ட்

மூன்று வந்துவிட்டன.
பழைய வெண்ணெய் டப்பாவில் கிடக்கின்றன
அறுபத்தேழாம் வருடத்து அழுக்கோடு.

நான்காவது,
ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால்,
கண் போகாத இடத்தில்.
கை போகும். மணிக்கட்டு வரை போகும்.
பிறகு கைக்கே ஒரு யோசனை வந்து
நின்றுவிடும்.

ஷெலெஃப்டியோவில் பிப்ரவரி. வெளியே மைனஸ் பதினெட்டு.
காரேஜுக்குள் நான், ஒரு மின்கணப்பு,
கரும்பச்சை வோல்வோ அமேசான்.
கழற்றிய முன் இருக்கைகள் இரண்டும் சுவரோரம்
எதிரெதிரே, யாரோ வந்து உட்கார்ந்து
வழக்கு பேசப்போவதுபோல.
முதுகு தகரத்தில், கால் பின் இருக்கையில்,
தலை பெடல்களுக்கு நடுவே.
கிளட்ச் என் காதை முட்டுகிறது.

இருபத்தாறு வருடம் ஊரார் பல்லைச் சுத்தம் செய்தவள்.
கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்பார்கள்;
எனக்கு எல்லா வாயும் கைக்கெட்டியது.
கடைவாயின் முதுகு, கன்னத்தின் உள்மடிப்பு,
தன்னுடையதுதான் என்றாலும்
ஒருவரும் பார்த்திராத இடங்கள்.
ஒரு சின்னக் கண்ணாடி போதும்.
அதைத்தான் இன்றும் எடுத்து வந்தேன், கொதிக்கவைக்காமல்.

தெரிகிறது நட்டு.
ஆறு முகம். ஆறிலும் துரு.

கண்ணாடியில் இடம் வலம், வலம் இடம்.
அது எனக்குத் தாய்மொழி மாதிரி, குழப்பமில்லை.
அரை அங்குல ஸ்பேனரும் கவ்விவிட்டது.
திருப்பினால்,
சுவருக்கு அந்தப் பக்கம், இன்ஜின் பக்கம்,
போல்ட்டின் தலையும் கூடவே சுற்றுகிறது.
சுற்றுகிறது, சுற்றுகிறது,
கழலவில்லை.

இங்கே ஒருத்தி திருப்ப
அங்கே ஒருவர் பிடிக்க வேண்டும்.
வைஸ் கிரிப்பைக் கவ்வவைத்தேன். விழுந்தது.
விறகுத் துண்டை அண்டக்கொடுத்தேன். அதுவும்.
மணிக்கட்டில் தோல் வழன்று
ரத்தம் கிரீஸுக்குள் போய்க் கறுப்பாகிவிட்டது.
டாஷ்போர்டுக்குள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன்.
இன்னும் அங்கேதான் எங்கோ இருக்கும்.

பக்கக் கதவில் பூட்ஸ் சத்தம்.
அஸ்ஸார் ஹெட்க்விஸ்ட்.
நவம்பரிலிருந்து பேச்சில்லை.
அவர் வாரிய பனி என் வேலி மேல்;
நான் நகராட்சிக்கு எழுதிய கடிதம்
நகல் ஆகி அவர் வீட்டில்.

"ஜன்னல் வழியாகக் கால் மட்டும் தெரிந்தது,
உயிர் இருக்கிறதா பார்க்க வந்தேன்."

"பானெட்டுக்குள், பேட்டரிக்குப் பின்னால்,
ஒரு தலை இருக்கும். பிடியுங்கள்."

மூன்று மாதத்தில் என் முதல் வாக்கியம்.
'தயவுசெய்து' என்பதைப் பிறகு சேர்த்தேன்,
அவர் கேட்டாரோ என்னவோ.

அவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்கு.
நடுவே விரல்நீள இரும்பு.
அதன் வழியாக வந்தது
அவர் கை நடுக்கம்.
மெல்லிய, விடாத நடுக்கம்,
தூரத்தில் ஒரு வண்டி ஐட்லிங்கில் நிற்பதுபோல.
வேலிக்கு இப்பாலிருந்து பார்த்தவளுக்கு
இது தெரிந்ததில்லை.
பனிவாரி அந்தக் கையில்
எந்தப் பக்கம் சாயும் என்று யோசித்தேன்.
யோசித்ததை அங்கேயே விட்டுவிட்டு
அழுத்தினேன்.

டக்.

பிறகு விரலால், கால் சுற்று, கால் சுற்று.
கடைசிப் புரியில் நட்டு நழுவி
வண்டியின் எலும்புக்குள் எங்கோ
மூன்று படி இறங்கும் சத்தம்.

"விழுந்துவிட்டதா?"
"விழுந்துவிட்டது."
"என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கிறது."
கொஞ்ச நேரம் கழித்து,
"எல்லாம் மில்லிமீட்டர்."

ஹீட்டர் பெட்டி என் மார்பில் இறங்கியது,
ஒரு கோப்பைப் பழுப்புத் தண்ணீரோடு.
சட்டைக்குள் குளிர். சிரித்துவிட்டேன்,
யாருக்கும் தெரியாது என்பதால்.

"இனி விடலாம்" என்றேன்.
மறுபக்கம் பதில் இல்லை.
கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தேன்:
நட்டில்லாத போல்ட்டின் முனை
லேசாக ஆடிக்கொண்டிருந்தது.
இன்னும் பிடித்திருக்கிறார்.