வெள்ளிக்கிழமை, எட்டாம் பாடவேளை

ஏழரைக்குக் கேற்றைப் பூட்டச் சொன்னது நான்தான்.
கையெழுத்தும் என்னுடையது, முத்திரையும் என்னுடையது.

ஆவணியில் ஒரு செவ்வாய்
பாண்டியன்குளம் றோட்டில் யானை நின்றது.
ஸ்கூட்டியை அணைத்துவிட்டு
அது மனம் மாறும்வரை காத்திருந்தேன்.
ஏழு நாற்பத்தைந்துக்கு வந்து சேர்ந்தால்
கம்பிக்கு அந்தப் பக்கம் காவலாளி பரமலிங்கம்
திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறார்.
அதிபர் பிந்தினால் என்ன செய்வதென்று
அறிவித்தலில் நான் எழுதியிருக்கவில்லை.

எனக்குப் பக்கத்தில் பதினொரு பேர்.
அவர்களுக்கு இது பழக்கம்.
ஒருவன் சைக்கிளைத் திருப்பினான்,
அவசரமே இல்லாமல்,
வேலைக்குப் போகிறவன் மாதிரி.
வேலைக்குத்தான் போனான்.

தரம் பத்து, கிந்துசன்.
இடாப்பில் அவன் பெயருக்கு நேரே
சிவப்பு வட்டங்கள்,
அடைக்கு வைத்த முட்டைகள் போல வரிசையாக.
வலயத்துக்கு அனுப்பிய படிவத்தில்
'காரணம்' என்ற கட்டத்துக்குள்
'பெற்றோரின் அக்கறையின்மை' என்று எழுதியிருந்தேன்.
கட்டம் சின்னது.
இரண்டு சொல்லுக்குமேல் கொள்ளாது.

பாலியாற்றில் மணல் ஏற்ற
ஒரு பெட்டிக்கு அறுநூறு ரூபா.
மெசின் ஆருடையது என்று கேட்டேன்.
நின்ற பெடியங்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.
"தெரியாதே மிஸ்?
பரிசளிப்பு விழாவில முன்வரிசையில இருக்கிறவர்."

அபிவிருத்திச் சங்கத்தில் அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல
மூன்று கூட்டம் எடுத்தது எனக்கு.
சொன்ன பிறகு
மின்விசிறியின் சத்தம் மட்டும்.
அதுவும் அவர் தந்தது.

இப்போது சனி ஞாயிறு மட்டும்தான் பெடியளை எடுக்கிறாராம்.
அந்த 'ஆம்' எனக்குப் போதாது.
புதன்கிழமைகளில் ஆற்றங்கரைப் பக்கமாகத்தான்
வீடு திரும்புகிறேன்.

மற்றக் கதை யதுர்சிகா சொன்னது.
வெள்ளிக்கிழமை ஏன் பாதிப்பேர் மதில் ஏறுகிறீர்கள் என்று
அதட்டித்தான் கேட்டேன்.
அவள் குனிந்துகொண்டே சொன்னாள்:
"மதில் ஏறுறது நாங்கள்தான் மிஸ்.
பன்னிரண்டரை பஸ்ஸில ஏறுறது ஆர்?"

மாங்குளம் போய் யாழ்ப்பாண பஸ் பிடிக்கும் ஆசிரியர்கள்.
ஒன்றரைக்கு இடவேண்டிய கையெழுத்தைப்
பன்னிரண்டுக்கே இட்டுவிட்டு.
என் பையும் வெள்ளி காலையிலேயே
கதவுக்குப் பின்னால் தயாராக நிற்கும்.
அவளுக்கு அதுவும் தெரிந்திருக்கும்.

கேற் இப்போது பூட்டுவதில்லை.
பிந்தி வருபவர்களுக்கு ஒரு கொப்பி,
பெயர், நேரம், காரணம்.
முதல் வரியில் என் பெயர். காரணம்: யானை.
அதற்குக் கீழே
தண்ணி வரேல்ல, தம்பிக்குக் காய்ச்சல்,
செயின் கழண்டது, யானை, யானை.
இரண்டில் ஒரு யானையாவது பொய்.
விட்டுவிட்டேன்.

வெள்ளி எட்டாம் பாடவேளை தரம் பத்துக்கு நான் போகிறேன்.
புவியியல்.
முதல் வாரம் ஒன்பது பேர் இருந்தார்கள்,
பிறகு பதினான்கு, ஒரு மழை வெள்ளியில் ஆறு.
எத்தனை வீதம் கூடியது என்று வலயத்தில் கேட்கிறார்கள்.
தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு
விரல் விட்டு எண்ணுகிறேன்.

போன வெள்ளி கிந்துசன் வந்தான்.
வந்து, மேசையில் தலையைச் சாய்த்து
அப்படியே உறங்கிப்போனான்.
பிடரி மயிரில் மணல்.
பக்கத்தில் இருந்தவன் இடிக்கப் போனான்,
வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன்.

கரும்பலகையில் பாலியாறு வரைந்துகொண்டிருந்தேன்,
சோக்கட்டி கிறீச்சிடாமல், மெதுவாக.
கடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபின்
இடாப்பை எடுத்து
அவன் பெயருக்கு நேரே ஒரு சரிவுக்கோடு போட்டேன்.

வந்திருக்கிறான்.