ஈரத்துக்கு இரண்டு கிலோ

பண்டாரவளையில் அஸ்மிரின் கடை.
தலைகீழாய் நின்ற என் சைக்கிளுக்குப் பக்கத்தில்
இரண்டு சோடிச் சில்லுகளைச் சாய்த்து வைத்தான்.
"திங்கக்கிழமை வரைக்கும் ரெண்டும் ஒங்கட வீட்டுல கிடக்கட்டும், மிஸ்.
யோசிச்சுச் சொல்லுங்க."

கருப்பு, கார்பன்.
இருபத்தெட்டுக் கம்பி, தட்டையாய், கத்தி போல.
சுழற்றிவிட்டால் ஹப் தேன்கூடாய் இரையும்.
விலை என் ஐந்து மாதச் சம்பளம்,
இராப் பிரசவங்களுக்கு வரும் ஓவர்டைமையும் சேர்த்து.

வெள்ளி, அலுமினியம்.
முப்பத்திரண்டு கம்பி, உருண்டை,
வெலிமடையில் உரம் விற்கிற கடையிலும் கிடைக்கிற ரகம்.
சுழற்றினால் தொண்டையைச் செருமும், அவ்வளவுதான்.
சோடிக்கு நானூறு கிராம் அதிகம்.

பந்தயம் பன்னிரண்டு மணித்தியாலம்.
மாலை ஆறுக்கு ஹப்புத்தளையில் விசில்.
விடியும்வரை எத்தனை சுற்று முடிகிறதோ அத்தனை.
பைன் சருகு, டர்பன்டைன் வேர்,
பிறகு அந்த இறக்கம்:
வெள்ளைக்காரன் கல் பதித்து
அதன்பின் யாரும் குனிந்து பார்க்காத தோட்டப் பாதை.
போன வருசம் ஆறாம் சுற்றில் அங்கேதான்
என் பின்சில்லு
எண்ணெயில் விழுந்த அப்பளமாய் நெளிந்தது.
நான்கு மைல் தோளில் சுமந்தேன்.
அன்று வயிறு நிறைந்தது அட்டைகளுக்கு மட்டும்.

சுழலும் எடைதான் உயிரைக் குடிக்கும் என்கிறார்கள்.
கொப்பியில் கணக்குப் போட்டேன்.
நானூறு கிராம்,
ஐம்பது நிமிட ஏற்றம்.
பதினாறு செக்கன்.
பதினாறு செக்கன் எனக்குத் தெரியும்.
ஒரு நோவு கிளம்பி
உச்சிக்கு ஏறுகிற நேரம்.
அதைச் சின்னது என்று
எந்தப் பெண்ணிடமும் நான் சொன்னதில்லை.

ஞாயிறும் கொழுந்து எடுத்தார்கள், கைக்காசுக்கு.
மடுவத்துக்குச் சில்லுகளைக் கொண்டு போனேன்.
தராசுக் கொக்கியில் மரியசீலன்
முதலில் கருப்புச் சோடியைத் தொங்கவிட்டான்.
முள் அசைந்தது.
பிறகு வெள்ளி.
கொஞ்சம் கூடுதலாய் அசைந்தது,
அல்லது காற்று.
படங்கு நனைந்த பெண்கள் கூடையோடு எட்டிப் பார்க்க
மரியசீலன் பேனையைத் திறந்தான்.
கை பழக்கத்தில் தானாய் எழுதியது:
சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிவு, இரண்டு கிலோ.

கருப்பு: ஒன்றுமில்லை.
வெள்ளி: ஒன்றுமில்லை.

வரிசை முழுக்கச் சிரித்தது. மரியசீலனும் சிரித்தான்.
சுகிர்தமலர் மட்டும் சிரிக்காமல்
கூடையை இறக்கி வைத்தாள்.
"எங்களுக்கு ஒரு நாளைக்கு மூணு தடவ இது, மிட்வைப்பம்மா.
ஒங்க சில்லு முழுசாவே போயிருச்சே."
மரியசீலன் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.
அடுத்த கூடை.

திங்கள்.
"வெள்ளி" என்றேன்.
"கருப்ப ஓட்டிக்கூடப் பாக்கலியே?"
"ஓட்டினா ஆசை வந்திரும்."
அவன் கருப்பைச் சுவரில் மாட்டினான்.
ஆளில்லாமல் கொஞ்ச நேரம் இரைந்துகொண்டிருந்தது.
கம்பிகளை இன்னொருமுறை விரலால் சுண்டிக் கேட்டு
இடப்பக்கம் இரண்டை அரைத்திருகு இறுக்கிக் கொடுத்தான்.
அதற்குக் காசு வாங்கவில்லை.

சனிக்கிழமை.
மூன்று உதிரிக் கம்பிகள்,
சீட்டுக் குழாயோடு டேப் சுற்றி.
ஒரு கம்பிச் சாவி, கழுத்தில்,
சிலுவை தொங்கும் கயிற்றிலேயே.
ஐந்தே முக்காலுக்கே மூடுபனி
பக்கத்தில் நிற்பவரின் இலக்கத்தை அழித்துவிட்டது.

விசில்.
முதல் ஏற்றத்திலேயே என்னைக் கடந்தார்கள்.
கருப்பா வெள்ளியா தெரியவில்லை.
மிதிக்கும்போது எந்த ஹப்பும் இரைவதில்லை,
சங்கிலியும் மூச்சும்தான்.
காலுக்கு அவர்கள் பின்னால் ஓடவேண்டும் என்றிருந்தது.
வாட்டில் கட்டில்களுக்கு நடுவே
வருசக்கணக்காய்ச் சொல்லிவருகிற குரலில்
எனக்கே சொன்னேன்:

இப்ப முக்காத.
நேரம் இருக்கு.
மூச்ச மட்டும் விடு.