தன்மை ஒருமை

மார்ச் இருபத்தெட்டு, இரவு ஏழு மணி.
கிண்டி எஸ்டேட்டில் எங்கள் மாடியில் மட்டும்
ஏசி ஓடிக்கொண்டிருந்தது.
அப்ரைசல் படிவம், மூன்றாம் கட்டம்:
இந்த ஆண்டு நீங்கள் சாதித்தது என்ன,
ஐந்நூறு எழுத்துக்குள்.

முதலில் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
தமிழில் எழுதிப் பார்ப்பது என் வழக்கம்.
அப்புறம்தான் இங்கிலீஷ்.
'டிசம்பர் வெள்ளத்திலும் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு
தேதி தவறாமல் சம்பளம் போட்டோம்.'

பின்னால் நின்று படித்த ஜெசிந்தா
வேர்க்கடலையைக் கொறித்தபடி கேட்டாள்:
"போட்டோமா? யாரு யாரு?"

யோசித்தேன்.
வைத்தீஸ்வரன் சார் அன்றைக்குக் கோவையில், கல்யாணத்தில்.
சுரேந்தர் வீட்டில் சிக்னல் இல்லை.
பள்ளிக்கரணையில் முழங்கால் தண்ணீரைக் கடந்து
லேப்டாப்பை அரிசிப் பையில் சுற்றித் தலையில் வைத்து
எதிர்வீட்டு மாடி ஏறி
அவர்கள் இன்வெர்ட்டரில் ப்ளக்கைச் செருகி
ராத்திரி இரண்டே கால் வரை உட்கார்ந்தது
"நானும் இன்வெர்ட்டரும்" என்றேன்.
"அப்ப இன்கிரிமென்ட்ல பாதி
இன்வெர்ட்டருக்குக் குடுக்கச் சொல்லு."

சிரித்துவிட்டுப் பழைய மெயில்களைத் தேடினேன்.
ஆகஸ்டில் பி.எஃப். கணக்கில் ஒரு பூஜ்யம் கூடிப்போனபோது
'என் தவறு. நான் கவனிக்கவில்லை. வருந்துகிறேன்.'
எவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது ஒருமை!
அந்த ஃபைலை மூன்று பேர் சரிபார்த்திருந்தார்கள்.
பிழைக்கு நான்,
பேருக்கு நாங்கள்.
பதினோரு வருஷம் இந்த இலக்கணத்தில்தான்
வேலை பார்த்திருக்கிறேன்.

நான் என்று தனியாகச் சொல்லக்கூட வேண்டாம்,
வினைமுற்றுக்குள்ளேயே ஆள் இருக்கிறது
என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.
போட்டேன். முடித்தேன். கண்டுபிடித்தேன்.
எழுத எழுத
ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஒரு 'ஏன்'
தலை தூக்கிக் கேட்டது.
ஏன் நீ? ஏன் இவ்வளவு சத்தமாக?
பதில் இருந்தது என்னிடம்:
தேதி, தொகை, மணி இரண்டே கால்.

இதைப் படிக்கிற உங்களுக்கு
என்னால் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான்.
வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு
யாருக்கும் அனுப்பாத ஒரு மெயிலைத் திறந்து
அந்த வாரம் செய்ததை நாலு வரி எழுதிவையுங்கள்,
எண்களோடு.
மார்ச்சில் எதுவும் ஞாபகம் வராது,
தப்புகளைத் தவிர.
சமர்ப்பிக்கும் முன் யாரிடமாவது காட்டுங்கள்.
கடலை தின்கிறவளாக இருந்தால் நல்லது.

இங்கிலீஷில் 'நான்' ஒற்றை எழுத்து.
ஷிப்ட்டை அழுத்தித்தான் அடிக்க வேண்டும்.
விரல் கொஞ்சம் தயங்கியது.
அடித்தேன், ஏழு இடத்தில்.

எதிர்வீட்டு சுலைகா பானுவுக்கு நன்றி சொல்ல
படிவத்தில் கட்டம் இல்லை.
ஞாயிற்றுக்கிழமை
ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிப் போய்
அவர்கள் பேட்டரியில் ஊற்றிவிட்டு வந்தேன்.

ரேட்டிங் இன்னும் வரவில்லை.