நானூற்றுப் பதினொன்று

முதல் வரைவில் அவளுக்குப் பெயரில்லை.
வெள்ளைச் சேலை இருந்தது, விரித்த கூந்தல் இருந்தது,
குலசேகரத்துக்கு மேலே மலையோரத் தோட்டத்தில்
பூட்டிக் கிடந்த ஒரு புகைப்புரை இருந்தது.
'பயங்கரமான' என்று ஏழு இடத்தில் எழுதியிருந்தேன்.
'இனம்புரியாத' நாலு.
'குலைநடுங்க' என்று முடித்துப் பேனாவை மூடும்போது
எனக்கே ஒரு பெருமை.

மார்த்தாண்டம் பஸ்ஸில் செலின் றோஸ் வாசித்தாள்.
ஆற்றூர் வருமுன்னே உறங்கிவிட்டாள்.
தாள்கள் மடியில், அதன்மேல்
பாதி தின்ற நேந்திரங்காய் சிப்ஸ்.
இறங்கும்போது சொன்னாள்:
"பிள்ளே, இதுல பேடிச்சு நிக்கது உனக்க வார்த்தைதான்.
மனுசரு யாரையும் காணல்லியே."

அன்றிரவு வெட்டத் தொடங்கினேன்.
ரப்பர் மரத்தில் வெட்டுவதுபோலத்தான்,
ஆழப் போனால் தடி புண்ணாகும்,
மேலோடு போனால் பால் வராது.
ஏழு 'பயங்கரமான'வும் போயின.
சேலையின் வெள்ளை போயிற்று.
கறை பிடித்து விறைத்த சட்டையொன்றை,
புருசன் விட்டுப்போனதை, அவளுக்கு மாட்டினேன்.
கூந்தலை அள்ளி முடிந்து
நெற்றியில் விளக்கைக் கட்டினேன்.
வெகுநேரம் யோசித்துப் பெயர் வைத்தேன்:
லீதியாள்.

பெயர் வைத்ததும் அவளுக்குப் பசித்தது.
மரச்சீனிக் கிழங்கும் முந்தாநாள் மீன்கறியும் எழுதிக் கொடுத்தேன்.
தின்ன நேரமில்லை என்றாள்.
மூன்று மணிக்கு மரத்தடியில் நிற்கவேண்டும்,
நானூற்றுப் பன்னிரண்டு மரம்,
ஒன்று விட்டாலும் கணக்கப்பிள்ளை கூலியில் பிடிப்பான்.

அவள் கோபத்தை எழுதவில்லை.
சிரட்டைகளை எண்ணும்போது
உதடு அசைவதை எழுதினேன்.
பட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்து
மகனுக்குப் பந்து சுற்றினாள்,
தினம் ஒரு சுற்று.
காய்ச்சலில் மகன் போன பிறகும்
பந்து வளர்ந்துகொண்டிருந்தது.
இந்த இடத்தில் 'ஐயோ' என்று ஒரு சொல் வந்து
பேனா முனையில் நின்றது.
அதை உள்ளே விடவில்லை.

புகைப்புரைக்குள் ஷீட்டுகள் தொங்கின.
'தோல்களைப் போல' என்று எழுதி, அடித்தேன்.
ஷீட்டுகள் தொங்கின, அவ்வளவுதான்.
ஒவ்வொன்றாய் விலக்கி விலக்கி
அவள் நடந்தாள்,
பந்து எங்கேயோ உருண்டுவிட்டதுபோல.
அவள் செத்ததை ஒரே வரியில் சொன்னேன்:
மறுநாள் காலை நானூற்றுப் பதினொரு சிரட்டையில்
பால் இருந்தது.

இரண்டாம் வரைவைக் கொடுத்து மூன்று நாள்
செலினிடமிருந்து சத்தமே இல்லை.
நாலாம் நாள், விடிய இன்னும் நேரம் கிடக்க,
போன் அடித்தது.
"எனக்க வீட்டுக்கு மேற்கால, ரப்பருக்குள்ள
ஒரு வெளிச்சம் நடக்கு."
பால்வெட்டுக்காரராக இருக்கும் என்றேன்.
"இருக்கும்.
ஒவ்வொரு மரத்துலயும் நின்னு நின்னு போவுது."
பேடியா இருக்கா என்று கேட்டேன்.
"அவளப் பாத்து பேடியில்ல.
கதவத் தொறந்து
ஒரு கிளாஸ் சாயா குடுக்கணும்னு தோணுது.
கொண்டியில கைய வச்சாச்சு.
அதுதான் பேடியா இருக்கு."

அவள் பேசும்போது
ஓட்டில் விழும் மழை எனக்குக் கேட்டது.
இங்கேயும் மழைதான், நேற்று மதியத்திலிருந்து.
மழையில் யாரும் பால் வெட்டப் போகமாட்டார்கள்.
இந்த ஊரில் பிறந்த எல்லாருக்கும் அது தெரியும்.

அவளும் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.