இரண்டே முக்கால் நொடி

இரண்டு வசனங்களுக்கு நடுவே
இரண்டே முக்கால் நொடி.
அதற்குள் ஒருத்தி கடிதத்தை மடித்தாக வேண்டும்.

'சோகமாக மடிக்கிறாள்'
எழுதிப் படித்துக் காட்டினாள் நெஸ்ரின்.

"சோகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.
கை என்ன செய்கிறது?" என்றார் ரெஃபிக்,
ஒன்பது வயதில் பார்வை போனவர்.

நான்காக மடிக்கிறாள். மறுபடி ஒரு மடிப்பு.
ஷூவுக்குள் செருகுகிறாள்.

அரை நொடி அதிகம்.
'மறுபடி' போனது.

வெள்ளிக்கிழமை, இஸ்மிர், மாலைக் காட்சி.
மழை கோட்டுகளின் ஈர வாடை.
ரெஃபிக்கின் காதில் நெஸ்ரின்
படத்துக்கு ஓர் எட்டு முன்னால் போகிறாள்:
நாற்காலியில் பூனை. மாமனார் பார்க்கவில்லை. உட்காரப் போகிறார்.

அரங்கில் முதல் சிரிப்பு
ரெஃபிக்குடையது, தன்னந்தனியாக.

முன்வரிசை ஆள்
யாரடா இவன் என்று திரும்பிப் பார்க்கிறான்.

பார்த்ததில்
பூனை பாய்ந்ததைத் தவறவிட்டான்.