ஒன்பதாவது பாட்டு

கோத்தகிரி பஸ் நிலையத்தில்
பனிக்குள் விளக்கெரிய நிற்கிறது கட்டபெட்டு மினி பஸ்.
போனில் அவர்களுடைய புது ஆல்பம்.
முப்பத்தோரு வருஷம்.

லீட்ஸ்காரர்கள். இரண்டு பேர், இரண்டு சிந்தசைசர்,
டிரம்ஸுக்கு ஒரு மெஷின்.
முதல் ஆல்பம் ஓடியது. இரண்டாவது இன்னும் ஓடியது.
மூன்றாவதன் அட்டையில்
ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.
நாலாவது வரவேயில்லை.

மூன்றையும் ஒரே கேசட்டில் திணித்துத் தந்தவன் பெள்ளி.
பி பக்கக் கடைசியில்
ஒரு பாட்டு பாதியில் அறுந்திருக்கும்.
அறுந்தது வரைக்கும் வாசிப்போம்,
பங்கு போட்டு வாங்கிய கேஸியோவில்.
பிரிந்தபோது
கேஸியோ அவனோடு போனது,
அடாப்டர் என்னிடம்.

குரல் ஒரு கட்டை இறங்கியிருக்கிறது இப்போது.
மன்னிப்பு ஏதும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.
கீபோர்டு நுழையும் இடத்தில் மட்டும்
பாடுகிறவன் ஒரு மூச்சு தள்ளி நிற்கிறான்.

ஒன்பதாவது,
அதே பாட்டு, புதிதாக, முழுசாக.
மிச்சப் பாதியில் பெரிதாக ஒன்றுமில்லை:
நாலே சுரம், திரும்பத் திரும்ப,
பிறகு யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம்.

நம்பர் கிடைத்தது மண்டியில்.
அனுப்பினேன்.
ஒரு டிக்.
கேரட் லோடோடு இறங்கிக்கொண்டிருப்பான்.
குஞ்சப்பனை வளைவுகளில்
டவர் கிடையாது.